ஊசியை மட்டும் கேட்காதீர்கள்: ஹெபடைடிஸ் சி களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊசி மூலம் போதை எடுப்பவர்களிடையே வேலை பார்க்கும் திட்டம் ஒன்றில் நேற்றுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தோளில் ஒரு பை. அதில் புது சிரிஞ்சுகள், ஆணுறைகள், ஒரு பதிவேடு. எச்ஐவி பற்றி நாள்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-க்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு அரை மணி நேரம் கிடைத்திருக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த அரை மணி நேரத்தில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் தம்பியோ கணவரோ ஊசி போடுகிறார் என்று தெரிந்து தவிப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பயன்படும்.

நான் வேலை பார்த்தது சென்னையில். 90-களில் இங்கே பிரவுன் சுகர் என்ற மட்டரக ஹெராயினைப் புகைத்துக்கொண்டிருந்த பலர் பிறகு புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியில் போட மாறினார்கள். 2005-06-இல் சென்னையில் ஊசி போடும் 1,158 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி-யின் தடயம் இருந்தது. எச்ஐவி இருந்தது ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு. அதாவது எச்ஐவியை விட இரண்டு மடங்கு. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் எச்ஐவி தெரியும், ஹெபடைடிஸ் சி தெரியாது. இப்போது ஊசி போடும் சின்னப் பையன்கள் பலரிடம் நடமாடுவது கரைத்த வலி மாத்திரை. பொருள் மாறிவிட்டது, கிருமி போகும் வழி அப்படியே இருக்கிறது.

முதலில் மஞ்சள் காமாலைக் கதையை முடியுங்கள்

பேச்சை எடுத்ததும் வரும் பதில் இதுதான்: "எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லக்கா." அல்லது, "அது போன வருஷம் வந்துச்சு, கீழாநெல்லி சாப்ட்டேன், போயிடுச்சு."

இந்த இடத்தில் வழுக்கினால் அப்புறம் என்ன சொன்னாலும் ஏறாது. ஹெபடைடிஸ் சி தொற்றிய பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சல் வருவதில்லை, ஒன்றுமே தெரிவதில்லை. கொஞ்சம் அசதி இருக்கலாம். ஊசி போடுகிறவருக்கு அசதி ஒரு புதுச் செய்தியா? எனவே அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும் காமாலை ஏ, இ வகை. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கீழாநெல்லிக்குப் பேர் கிடைப்பது அதனால்தான். சி வகை ரத்தத்தின் வழியாக மட்டுமே வரும். கீழாநெல்லிக்கு அது அசையாது.

தொற்றியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பேரின் உடம்பு ஆறு மாதத்துக்குள் கிருமியைத் தானே விரட்டிவிடும். மற்றவர்களிடம் அது தங்கிவிடும். தங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடத்துக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். சிலருக்குப் புற்றுநோய் வரை போகும். கூடவே குடியும் இருந்தால் இந்தக் கணக்கு வேகமாக ஓடும். வயிறு வீங்கி, கால் வீங்கி ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது, அந்தக் கிருமி நுழைந்த நாள் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

இவ்வளவையும் தெருவோரத்தில் நின்று சொல்ல முடியாது. நான் இப்படிச் சொல்வேன்: "ஈரல்ல கரையான் மாதிரி தம்பி. கதவு பார்க்க நல்லாத்தான் இருக்கும், தட்டினாத்தான் தெரியும். ஆனா இந்தக் கரையானுக்கு மருந்து இருக்கு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பயமுறுத்திவிட்டு வருவது சுலபம். பயந்தவர் அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவார்.

ஊசியைக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள்

பதிவேட்டில் ஒரு கேள்வி இருக்கும்: கடந்த மாதம் மற்றவர் பயன்படுத்திய ஊசியைப் பயன்படுத்தினீர்களா? பத்தில் ஒன்பது பேர் "இல்லை" என்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

ஒருநாள் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே மூன்று பேருக்கு ஆளுக்கு இரண்டு புது சிரிஞ்சு கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். மூவரும் உறையைப் பிரித்தார்கள். ஆளுக்கொரு ஊசி, பார்க்கவே திருப்தியாக இருந்தது. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடி நடுவில் வந்தது. சரக்கு அதில்தான் கரைந்தது. கிள்ளிப் போட்ட பஞ்சு ஒன்றின் வழியாக முதல் ஆள் உறிஞ்சினான், போட்டுக்கொண்டான். இரண்டாவது எடுக்க வசதியாகத் தன் சிரிஞ்சைப் பக்கத்தில் இருந்த டம்ளர் தண்ணீரில் அலசினான். தண்ணீர் லேசாக ரோஜா நிறம் ஆனது. அதே சிரிஞ்சை மறுபடி மூடியில் விட்டான். மற்ற இருவரும் அதே மூடியிலிருந்து, அதே பஞ்சு வழியாக, அதே டம்ளர் தண்ணீரைக் கலந்து எடுத்தார்கள். என்னைப் பார்த்து ஒருவன் சிரித்தான். "பாத்தியாக்கா, யாரும் ஷேர் பண்ணல."

அன்று என் பதிவேட்டில் மூன்று பேருக்கும் "இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன்.

எச்ஐவி உடம்புக்கு வெளியே அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காது. ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. பயன்படுத்திய சிரிஞ்சுக்குள் மிஞ்சிய துளி ரத்தத்தில் அது 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஊசி தனியாகக் கழலும் சிரிஞ்சில் உள்ளே தங்கும் ரத்தம் அதிகம், எனவே கிருமிக்கும் அங்கே இடம் அதிகம். இன்சுலின் சிரிஞ்சு போல ஊசி ஒட்டியே வருவதில் மிகக் குறைவாகத் தங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே இந்தக் கிருமிக்குப் போதும். அதனால் மூடி, ஸ்பூன், பஞ்சு, அலசும் தண்ணீர், கையைக் கட்டும் கயிறு, ரத்தத்தை அழுத்தித் துடைக்கும் துணி எல்லாமே வண்டிதான். ஒரு சிரிஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் பின்பக்கமாகப் பீய்ச்சிப் பங்கு போடும் பழக்கமும் உண்டு. அதையும் யாரும் "ஷேர்" என்று சொல்லிக்கொள்வதில்லை.

எனவே கேள்வியை உடையுங்கள். "ஊசி யாரோடது?" என்பதோடு, "எதுல கரைச்சீங்க? தண்ணி எங்கேருந்து? பஞ்சு யார் வெச்சிருந்தது? யார் முதல்ல எடுத்தாங்க?" என்று கதை கேட்பதுபோலக் கேளுங்கள். விசாரணை போலக் கேட்டால் பொய்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி ஊசியைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். "வழக்கமா எப்படி?" என்று கேட்டால், வழக்கமாக எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான்.

அறிவுரை சின்னதாக இருக்கட்டும். அலசும் தண்ணீரை வேறாக வையுங்கள், கலக்கும் தண்ணீர் யாருடைய சிரிஞ்சும் தொடாததாக இருக்கட்டும். ஆளுக்கொரு மூடி. பஞ்சை அடுத்த நாளைக்கு என்று சேர்த்துவைக்க வேண்டாம். லைட்டர் சூட்டில் காட்டினால் செத்துவிடும், வெந்நீரில் அலசினால் போதும், பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எதையும் நம்பி ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பழசுக்குப் பதில் புதுசுதான். வலி மாத்திரையைக் கரைத்துப் போடுபவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மாத்திரையில் கலந்திருக்கும் மாவும் பசையும் ரத்தக்குழாயை அடைக்கும், சீழ்க்கட்டி வரும், கைவிரல் கறுத்துப்போகும், மூச்சு நின்றே போனவர்களும் உண்டு. அது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள பெரிய சங்கதி. மூச்சு மந்தமாகி, உதடு நீலமானவரைக் கண்டால் மட்டும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பை, டப்பா, உங்கள் விரல்

எத்தனை சிரிஞ்சு கொடுப்பது? ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறார் என்று கேட்டு, அடுத்து நீங்கள் வரும் நாள் வரை கணக்குப் போட்டுக் கொடுங்கள். மூன்று முறை போடுபவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுபடி பயன்படுத்தாதே என்பது கேலிக்கூத்து. பயன்படுத்தியதைத் திரும்ப வாங்குவது நல்ல வழக்கம். திரும்பத் தராதவருக்குப் புதுசு இல்லை என்று கண்டிப்புக் காட்டுவது கெட்ட வழக்கம்.

சேகரிக்கும்போது கையால் தொடாதீர்கள். டப்பாவைத் தரையில் வைத்து, அவரையே போடச் சொல்லுங்கள். மூடியை மறுபடி மாட்ட முயலாதீர்கள். குத்தல்களில் பாதி அந்த நொடியில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். குத்திவிட்டால் பிழிய வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவிக்குத் தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் சி-க்கு அப்படி ஒரு தடுப்பு மாத்திரையும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பரிசோதித்துக் காத்திருக்கத்தான் வேண்டும். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் வருபவர்களுக்கும் போட ஏற்பாடு செய்யுங்கள். மூன்று தவணையை ஆறு மாதத்துக்கு இழுத்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள் என்பதால், இவர்களுக்கு 0, 7, 21 ஆவது நாள் என்ற விரைவுத் தவணையும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

போலீஸ் பயம் நியாயமானது. அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். தொற்றைக் குறைக்க ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். ஒரு முறை உதவியது, ஒரு முறை உதவவில்லை.

இரண்டு கோடு விழுந்தால்

முதல் பரிசோதனை எளிது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், ஒரு பட்டை, இருபது நிமிடம். ஒரு கோடு விழுந்தால் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் பொருள், இல்லை. இரண்டு கோடு விழுந்தால் இருக்கிறது. உங்கள் திட்டத்திலேயே செய்வார்கள், இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யலாம்.

பரிசோதனைக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டு கோடு விழுந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நான் கால்தடக் கதை சொல்வேன். "வீட்டுக்குள்ள திருடன் வந்த கால்தடம் தெரியுது. உள்ளே இன்னும் ஒளிஞ்சிருக்கானா, ஓடிட்டானான்னு இனிமேதான் பாக்கணும்." தானாகவே குணமானவருக்கும், மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் அந்தத் தடம் ஆயுளுக்கும் அழியாது. எப்போது சோதித்தாலும் இரண்டு கோடுதான் வரும். இதைச் சொல்லாமல் விட்டதால், குணமாகி மூன்று வருடம் ஆன ஒருவர் வேறெங்கோ பட்டையில் சோதித்துப் பார்த்துவிட்டு, மறுபடி வந்துவிட்டது என்று மனமுடைந்து வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடு விழுந்தவரையும் "ஒண்ணும் இல்ல, போங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் பட்டையில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். போன மாதம் ஊசி பகிர்ந்தவருக்கு இன்றைய ஒரு கோடு எதையும் உறுதிசெய்யாது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். தொடர்ந்து ஊசி போடும் எவருக்கும் குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். எச்ஐவி முற்றிய நிலையில் உடம்பு எதிர்ப்பொருளே செய்யாமல் போகலாம். அவர்களுக்குப் பட்டை ஒரு கோடு காட்டினாலும், கிருமிப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முடிவைத் தனியாகச் சொல்லுங்கள். நண்பர்கள் சுற்றி நின்று, "என்னடா, எத்தன கோடு?" என்று கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டாம்.

ஆளைத் தொலைக்கும் இடம்

இரண்டு கோடு விழுந்தபின் அடுத்தது கிருமியே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனை. இதற்குக் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுக்க வேண்டும். காசநோய்க்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் கருவிகளிலேயே இதையும் செய்யலாம். தனியாரில் ஆயிரக்கணக்கில் ஆகும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். எந்த நாள், எந்த அறை என்பதை நீங்கள் முந்தைய நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தெரியாவிட்டால் 104-இல் கேட்கலாம்.

காகிதத்தில் பார்த்தால் இது ஒரு சின்ன அடி. நடைமுறையில் இங்கேதான் ஆளைத் தொலைக்கிறோம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "நாளைக்கு ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று அனுப்பினால் போவதில்லை. ஏன் என்று யோசியுங்கள். காலையில் எழுந்ததும் போதை இறங்கி உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு கலக்கும். அந்த நிலையில் ஓ.பி. சீட்டு வாங்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க முடியுமா? கையில் இருக்கும் தழும்பைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒரு ஊழியர் போதும், மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆதார் கேட்பார்கள் என்ற பயம் வேறு.

எனவே கூடவே போங்கள். ஓஎஸ்டி மாத்திரை (ஊசிப் போதைக்குப் பதிலாக மருத்துவ மேற்பார்வையில் தரும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்து) எடுப்பவராக இருந்தால் முதலில் அதைத் தரும் மையத்துக்குப் போய் மாத்திரை போட்டுவிட்டு, இட்லி வாங்கிக் கொடுத்து, பிறகு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

ரத்தம் எடுக்கும் மேசையில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல வருடம் ஊசி போட்ட கையில் நரம்பு கிடைக்காது. லேப் டெக்னீசியன் முழங்கை மடிப்பில் தட்டுவார், தடவுவார், குத்துவார். வராது. மறு கையில் குத்துவார். வராது. மூன்றாவது குத்தலில் இவர் எழுந்து போய்விடுவார். நான் பார்த்த ஒரு பெரியவர், இரண்டாவது குத்தலுக்குப் பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், அது ரெண்டும் 2002-லயே செத்துப்போச்சு. இங்க வாங்க." புறங்கையில், சுண்டுவிரல் எலும்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். முதல் குத்தலிலேயே வந்தது. தன் நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்பது அவரைப்போல யாருக்கும் தெரியாது. மேசைக்குப் போகும் முன்பே டெக்னீசியனிடம், "அவரையே கேளுங்க மேடம், அவர் காட்டுவார்" என்று சொல்லிவிடுங்கள். சின்ன ஊசி கேளுங்கள். பலருக்கு இது மானப் பிரச்சினையும்கூட. காட்டச் சொல்லிக் கேட்டால் மதித்ததுபோல இருக்கும்.

முடிவு வர நாளாகலாம். கைபேசி எண் என்று அவர் கொடுப்பது அடுத்த வாரம் வேறொருவர் கையில் இருக்கும். டீக்கடை, அம்மா வீடு, கூட வேலை பார்க்கும் கூட்டாளி என்று மூன்று வழி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று இடங்களிலும் காரணம் சொல்லாமல் "அக்கா தேடுறாங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

84 நாள்

கிருமி இருக்கிறது என்று வந்தால், கல்லீரல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைகளை வைத்தே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். பி வகையும் சேர்ந்து இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சி-யை விரட்டும்போது பி தலைதூக்கலாம்.

சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு அரசுத் திட்டத்தில் தருவது சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகள். தினமும் ஒரு வேளை, 12 வாரம். சிரோசிஸ் தொடங்கியிருந்தால் சோஃபோஸ்புவிரோடு வெல்பட்டாஸ்விர். முற்றியிருந்தால் ரிபாவிரினும் சேரும், அல்லது 24 வாரம் ஆகும். முழுதாகச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. கட்டுப்பாட்டில் வைப்பது என்ற பேச்சே இல்லை, கிருமி அடியோடு போய்விடுகிறது. 1989-இல்தான் இந்தக் கிருமிக்கே பெயர் வைத்தார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், முழு மருந்துக்கு 84,000 டாலர். அடுத்த வருடமே அதைத் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றன. அதே மாத்திரைதான் இன்று ஓ.பி. சீட்டுக்குக் கிடைக்கிறது. இந்தக் கதையைச் சொல்லுங்கள். எண்பத்து நாலாயிரம் டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு டப்பாவை வேறு மாதிரிப் பிடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய இன்டர்ஃபெரான் ஊசியை நினைத்துப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாரா வாரம் காய்ச்சலும் மனச்சோர்வுமாக இருந்த காலம் அது. இப்போதைய மாத்திரையில் லேசான தலைவலி, அசதி, அவ்வளவுதான்.

"முதல்ல ஊசியை நிறுத்தட்டும், அப்புறம் மருந்து" என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அவருக்குக் குணமானால் அந்த மூடியிலிருந்து எடுக்கும் மற்ற இருவருக்கும் போவது நின்றுவிடும். யாராவது மறுத்தால் சண்டை போடாமல், பொறுப்பு மருத்துவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். நான் சண்டை போட்டுக் கெடுத்திருக்கிறேன்.

சாப்பிடும் மற்ற மருந்துகளைச் சொல்லச் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் இவை கிருமி மருந்தை முறித்துவிடும். எச்ஐவி கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். வெல்பட்டாஸ்விர் எடுப்பவர் அல்சர் மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக் கூடாது. ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) நோட்டு, டிபி அட்டை, ஓஎஸ்டி அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேகியம், கஷாயம் பற்றியும் கேளுங்கள். இன்னொரு பக்கம், மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் இந்த மாத்திரைகளோடு மோதுவதில்லை, தாராளமாகச் சேர்த்து எடுக்கலாம்.

வீடில்லாதவர் மாத்திரையை எங்கே வைப்பார்? நடைபாதையில் தூங்குபவரின் பையை முதலில் திருடுவது மாத்திரைக்காகத்தான், அது என்ன மாத்திரை என்று பார்த்து யாரும் திருடுவதில்லை. டப்பாவை மையத்திலேயே வைத்துக்கொண்டு, தினமும் ஓஎஸ்டி மாத்திரை வாங்க வரும்போது இதையும் கையில் கொடுப்பதுதான் நான் பார்த்ததில் சிறந்த ஏற்பாடு. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம், வழக்கம்போலத் தொடரட்டும். வாரக்கணக்கில் தவறினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெயிலுக்குப் போய்விட்டால், சிறை மருத்துவருக்குச் சிகிச்சைச் சீட்டின் நகலைச் சேர்க்க முயலுங்கள்.

வீட்டில் தட்டைப் பிரிக்க வேண்டாம்

தெரிந்த அன்றே தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப் பிடிப்பதால், ஒரே கழிவறையால் இது வராது. தாய்ப்பாலில் வராது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிரசவத்தில் போக நூற்றுக்கு ஐந்தாறு வாய்ப்பு உண்டு, குழந்தையைப் பிறகு சோதிக்க வேண்டும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பிரஷ் இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடலுறவில் வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. குணமான பிறகும் ரத்ததானம் செய்ய முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி போடும் பெண்கள் உங்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். இல்லை என்பதால் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கணவரோ காதலரோ போட்டுவிட்ட பிறகு, கடைசியாக, மிச்சத்தை, அதே ஊசியில் போட்டுக்கொள்பவர்கள் அவர்கள்தான். ஆண்கள் கூடும் மையத்துக்கு வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசும் பெண் பணியாளர் இல்லாமல் அவர்களை எட்ட முடியாது.

168-ஆவது நாள்

மாத்திரை முடிந்த அன்றே குணமாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து ஆர்என்ஏ மறுபடி பார்த்து, இல்லை என்று வந்தால்தான் குணம். 84 நாள் மருந்து, பிறகு 84 நாள் காத்திருப்பு. இந்த இரண்டாவது 84 நாளில் ஆட்கள் மறைந்துபோகிறார்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே, எதற்கு மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று. எனவே முதல் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே பதிவேட்டில் 168-ஆவது நாளின் தேதியையும் எழுதிவிடுங்கள். அவர் சீட்டின் பின்பக்கமும் எழுதுங்கள். ஏதாவது திருவிழாவோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாக நினைவிருக்கும்: "தை பொங்கல் முடிஞ்ச வாரம்."

ஒரு முறை குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இதில் இல்லை. அதே மூடிக்குத் திரும்பினால் மறுபடி தொற்றும், மறுபடி சோதிக்க வேண்டும், மறுபடி மருந்து தர வேண்டும். மறுபடி வந்தவரிடம், "அவ்வளவு சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. அதோடு போதுமான புது ஊசிகளும் கிடைத்தால் நாலில் மூன்று பங்கு குறைகிறது. அதனால் ஓஎஸ்டி பேச்சை எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. போதையிலிருந்து விடுபட நினைப்பவருக்கு 14446, எச்ஐவி பற்றிய சந்தேகங்களுக்கு 1097. சிகிச்சைக்குத் தானாக வருபவர் மீதான சிறு வழக்குகளிலிருந்து விலக்குத் தர என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது என்பதையும், வழக்கு உள்ளவருக்கு இலவச சட்ட உதவி மையத்தின் வழியையும் காட்டுங்கள்.

ஆர்என்ஏ இல்லை என்று வந்த அறிக்கையின் ஒரு நகலை மையத்தில் வைத்துக்கொண்டு, அசலை அவரிடம் கொடுங்கள். நரம்பு காட்டிக் கொடுத்த அந்தப் பெரியவர் தன்னுடையதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அடுத்த வருடச் சோதனைக்கு வரும்போது அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.